பித்தளைக் காது

அப்பாவின் காரியங்கள் எல்லாம் முடிந்த பிறகு, 2019-இல் ஒரு மதியம், நானும் அக்காவும் அவருடைய தகரப் பெட்டியைப் பிரித்து உட்கார்ந்தோம். ஓய்வூதியப் புத்தகம், நிலவரி ரசீதுகள், எங்கள் இருவருடைய பள்ளி மதிப்பெண் அட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில், பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு துண்டுக் காகிதம். பென்சிலால் கறுக்கத் தேய்த்திருந்தது. கறுப்புக்கு நடுவே இரண்டு வரி எண்கள் வெள்ளையாக எழும்பி நின்றன. நான் புரட்டிப் பார்ப்பதற்குள் அக்கா சொல்லிவிட்டாள்: "ஜாவாவோட நம்பர்டா."

பழைய வண்டி வைத்திருந்த வீடுகளுக்கு இந்தக் காகிதம் தெரியும். பதிவைப் புதுப்பிக்கப் போகும்போது சேஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் கையால் எழுதிக் கொடுத்தால் போதாது. வண்டியில் குத்தியிருக்கிற எண்ணின் மேல் காகிதத்தை வைத்து, பென்சிலைச் சாய்த்துத் தேய்த்து, அச்சு எடுத்துப் படிவத்தில் ஒட்ட வேண்டும். அப்பா எதையும் இரண்டாக எடுப்பவர். ஒன்று அலுவலகத்துக்கு, ஒன்று வீட்டுக்கு. வண்டி களவு போய் அப்போது 15 வருடம் ஆகியிருந்தது. அதன் உடம்பைத் தொட்டு எடுத்த ஒரே பொருள் அந்தக் காகிதம். அன்றைக்குத்தான் தேட ஆரம்பித்தேன்.

வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஜாவா 250 மோட்டார் சைக்கிள், மைசூர் ஐடியல் ஜாவா ஆலையில் செய்தது. செக்கோஸ்லோவாகியாவின் ஜாவாவை உரிமம் வாங்கி 1961 முதல் அங்கே செய்தார்கள். எழுபதுகளில் அதே ஆலையின் வண்டிகள் யெஸ்டி என்ற பெயரில் வர ஆரம்பித்தன. 1996-இல் ஆலையையே மூடிவிட்டார்கள். எங்களுடையது 1970-ஆம் வருடத்து வண்டி. கும்பகோணத்தில் ஒரு டாக்டரிடம் அப்பா 1974-இல் பழையதாக வாங்கினார். அரக்கு நிறம். டேங்கின் இரண்டு பக்கமும் முகம் பார்க்கிற மாதிரி குரோமியப் பளபளப்பு. ஒரே சிலிண்டருக்கு இரண்டு சைலன்சர். உதைத்து ஸ்டார்ட் செய்த அதே லீவரை மடக்கினால் அதுதான் கியர். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். எங்கள் தெருவுக்குள் அப்பா நுழைவதற்கு முன்பே அந்தப் புகை வாசனை வந்துவிடும். இன்றும் எங்காவது பழைய டூ ஸ்ட்ரோக் வண்டி தாண்டிப் போனால் நான் நின்றுவிடுகிறேன்.

சாவியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஹெட்லைட்டின் மேல் இருக்கிற சுவிட்சில் ஆணி மாதிரி ஒன்றைச் செருகி அழுத்துவார்கள். அதுதான் சாவி. அதில் பல் கிடையாது. ஒரு ஜாவாவின் சாவி இன்னொரு ஜாவாவுக்கும் பொருந்தும். அந்தக் காலத்தில் ஊரில் இருந்ததே நாலைந்து ஜாவா, யாருடையது எது என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் யாரும் அதைக் குறையாக நினைக்கவில்லை.

அப்பா கால்நடை ஆய்வாளர். ஊர் வழக்கில் மாட்டு டாக்டர். வலங்கைமான், குடவாசல், நீடாமங்கலம் என்று மாறி மாறி வேலை பார்த்தார். குடமுருட்டிக் கரையிலும் வெண்ணாற்றுக் கரையிலும் மண்பாதையில் அந்த ஜாவா போகாத ஊர் குறைவு. சினை ஊசிக்கு உறைந்த விந்துக் குச்சிகள் வர ஆரம்பித்ததும், அவற்றைத் திரவ நைட்ரஜனில், மைனஸ் 196 டிகிரியில் வைத்துக் கொண்டுபோக வேண்டியிருந்தது. மூன்று லிட்டர் கேன். அது சாயக் கூடாது, அதிரக் கூடாது. சைக்கிள் டியூபால் கட்டிப் பார்த்தார், சரிவரவில்லை. கடைசியில் நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வார்க்கும் ஒருவர், அவருடைய பசுவுக்கு அப்பா வைத்தியம் பார்த்திருந்தார், நான் செய்து தருகிறேன் என்று சொன்னார். சீட்டுக்குக் கீழே, ஃபிரேமின் இரண்டு பக்கமும், கேன் உட்காரும் வளையத்தைத் தாங்க இரண்டு காது. விளக்குக்கு உருக்கிய பித்தளையிலேயே வார்த்து, கடைசலில் கொடுத்து, ஃபிரேமில் பற்றவைத்துக் கொடுத்தார். கைப்பழக்கத்தில் விளக்குத் தண்டில் விடுகிற மாதிரியே ஒவ்வொரு காதைச் சுற்றியும் இரண்டு வரி இழுத்துவிட்டார். "வண்டிக்கு எதுக்குங்க வரி?" என்று அப்பா கேட்டதற்கு, "வரி இல்லாம விட்டா கை கூசுதுங்க டாக்டர்" என்றாராம். இதை அப்பா நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

கண்ணைக் கவர வேண்டாம் என்று அந்தக் காதின் மேலும் அரக்குப் பெயிண்ட் அடித்துவிட்டார்கள். அந்தப் பெயிண்டுக்கு நான் இப்போது நன்றி சொல்கிறேன்.

2004 மார்ச் 6, மகாமகம். அப்பா ஓய்வு பெற்றுச் சில வருடம் ஆகியிருந்தது. கும்பகோணத்துக்குள் வண்டி விடமாட்டார்கள் என்று தாராசுரத்தில் உறவினர் வீட்டு வாசலில் ஜாவாவை நிறுத்திவிட்டு, கூட்டத்தோடு நடந்து போய்க் குளத்தில் முங்கிவிட்டு வந்தார். சாயந்தரம் வந்து பார்த்தால் வேப்பமரத்தடியில் ஆயில் சொட்டிய கறை மட்டும் இருந்தது. அந்தக் கறையைப் பற்றி அவர் சொன்ன விதத்தில் இருந்து, அங்கே அவர் வெகுநேரம் நின்றிருக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. நான் அப்போது வெளியூரில் படித்துக்கொண்டிருந்தேன்.

ஆர்.சி. புத்தகமும் இன்சூரன்ஸ் தாளும் வண்டியின் டூல் பெட்டிக்குள்ளேயே இருந்தன. பல வீடுகளில் நடந்த தவறுதான் இது. வண்டியைத் திருடியவனுக்குக் காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிட்டது. காவல் நிலையத்தில் மகாமகக் கூட்டத்தைச் சமாளிக்கவே ஆள் இல்லை. மனு ரசீது கொடுத்தார்கள். எஃப்.ஐ.ஆர். போட அப்பா மூன்று வாரம் நடந்தார். கடைசியில் போட்டார்கள், திருட்டுக்கான 379-ஆம் பிரிவு. ஒன்றும் துலங்கவில்லை. அதற்குப் பிறகு அப்பா அதைப் பற்றிப் பேசுவதைக் குறைத்துக்கொண்டார். டி.வி.எஸ். 50 ஒன்று வாங்கினார். அதைத் துடைத்து நான் பார்த்ததில்லை.

சரி, 2019-க்கு வருகிறேன். முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன். அரசின் வண்டிப் பதிவு விவரம் பார்க்கிற பரிவாகன் தளத்தில் பதிவெண்ணைப் போட்டுப் பார்த்தேன். எங்களுடையது 1989-க்கு முந்தைய பழைய பாணி எண். டிஎன் 49, டிஎன் 68 என்றெல்லாம் வருவதற்கு முந்தையது. விவரம் எதுவும் வரவில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்துக்கு, களவு போன வண்டிகளைத் தேட 'வாகன் சமன்வய்' என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. பதிவெண், சேஸ் எண், இன்ஜின் எண் போட்டுப் பார்க்கலாம். பழைய வண்டி வாங்குகிற எல்லோரும் பணம் கொடுப்பதற்கு முன் அங்கே ஒரு தடவை பார்த்துவிடுவது நல்லது. எங்கள் வண்டி அதில் களவு போனதாகவே இல்லை. 2004-இல் காகிதத்தில் எழுதிய எஃப்.ஐ.ஆர். கணினிக்குள் ஏறாமல் எங்கோ நின்றுவிட்டது. அப்பா மூன்று வாரம் நடந்து வாங்கிய காகிதம் அது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

அதன் பிறகு திரையை விட்டுவிட்டு மெக்கானிக்குகளிடம் போனேன். மயிலாடுதுறையில் ஜாவா, யெஸ்டி மட்டுமே பார்க்கும் ஒரு பாய் இருக்கிறார். எழுபதைத் தாண்டிய மனிதர். கிராங்க்கைக் கையில் சுற்றிப் பார்த்தே பேரிங் போய்விட்டதா என்று சொல்லக்கூடியவர். நான் பென்சில் அச்சைக் காட்டியதும் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தார். "தம்பி, இது உங்களுக்குச் சாட்சி. தேடுறதுக்கு உதவாது" என்றார். காரணத்தையும் அவரே சொன்னார். திருட்டு வண்டியை அப்படியே ஓட்டுகிறவன் கொஞ்சம்தான். நம்பர் பிளேட்டை மாற்ற ஐந்து நிமிஷம் போதும். மோதி நொறுங்கிய இன்னொரு ஜாவாவின் ஆர்.சி.யை வாங்கி, அந்த எண்ணைத் திருட்டு ஃபிரேமில் குத்திவிடுவார்கள். இல்லையென்றால் பிரித்துவிடுவார்கள். டேங்க் ஒரு பக்கம், கார்புரேட்டர் ஒரு பக்கம், இன்ஜின் சரக்கு ஏற்றுகிற மூன்று சக்கரத் தட்டுவண்டிக்கு, ஃபிரேம் காயலாங்கடைக்கு. நல்ல பாகம் சென்னைப் புதுப்பேட்டை வரைக்கும் போகும். 2018 நவம்பரில் ஜாவா என்ற பெயரிலேயே புது வண்டி வந்த பிறகு, சும்மா கிடந்த பழைய ஜாவாக்களுக்கும் ஆள் தேடி வருகிறார்கள் என்றும் சொன்னார். அந்தப் புது ஜாவாவை மும்பையில் அறிமுகம் செய்தது நவம்பர் 15. அன்று ராத்திரிதான் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை ஏறியது. புது ஜாவா வந்த செய்தியை எங்கள் பக்கம் யாரும் அன்றைக்குப் பார்த்திருக்க முடியாது. மின்சாரம் வரவே சில ஊர்களில் வாரக்கணக்கில் ஆனது.

"நம்பர விடுங்க. வேற அடையாளம் இருக்கா?" என்று பாய் கேட்டார். பித்தளைக் காதைச் சொன்னேன். வரியைச் சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. "இத மொதல்லயே சொல்லக்கூடாதா!"

எனக்கு அப்போதுதான் அப்பா மாட்டுச் சந்தைகளில் சொல்லிக் கொடுத்தது நினைவுக்கு வந்தது. சின்ன வயதில் என்னை முன்னால் டேங்கில் உட்காரவைத்துக் கூட்டிப்போவார். எங்கள் பக்கத்து நாட்டு மாடு உம்பளச்சேரி. கன்று சிவலையாகப் பிறக்கும், வளர வளரச் சாம்பல் நிறமாக மாறும். ஆனால் நெற்றியில் இருக்கிற வெள்ளைச் சுட்டியும் காலில் இருக்கிற வெள்ளையும் மாறாது. "நிறத்த வச்சு மாட்ட அடையாளம் சொல்லாத. சுழியப் பாரு, சுட்டியப் பாரு" என்பார். களவு போன மாட்டை மூன்று வருடம் கழித்துச் சந்தையில் பார்த்த ஒருவர், சுழி இருக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லி மீட்டதை அவர் நேரில் பார்த்திருக்கிறார். ஜாவாவை இந்நேரம் கறுப்பாக்கியிருப்பார்கள், பச்சையாக்கியிருப்பார்கள். நான் இரண்டு வருடமாக அரக்கு நிற ஜாவா எங்கே என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

வீணாய்ப் போன அலைச்சலை நீட்டிச் சொல்ல விரும்பவில்லை. குடவாசலில் ஒரு மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குப் பின்னால் ஜாவா நிற்கிறது என்று போனேன். டேங்கில் ஜாவா வில்லை ஒட்டிய யெஸ்டி அது. திருவையாற்றில் ஒருவர் போன் செய்து, "வண்டி இருக்கிற இடம் தெரியும், 10,000 ரூபாய் கொடுங்க, கைகாட்டுறேன்" என்றார். மதுரைப் பக்கமும் நெல்லைப் பக்கமும் மாடு களவு போனால் துப்புக்கூலி கொடுத்து மீட்கிற வழக்கம் இருந்ததென்று படித்திருக்கிறேன். கூலியை வாங்குகிறவனுக்கும் களவாண்டவனுக்கும் இடையில் பல நேரம் தூரம் அதிகமில்லை என்பதையும் சேர்த்துத்தான் படித்திருந்தேன். காதில் எத்தனை வரி என்று கேட்டேன். அவருக்கு நான் பேசுவதே புரியவில்லை. போனை வைத்துவிட்டேன். இடையில் கொரோனா வந்து ஒன்றரை வருடம் போனது.

பாய்தான் விடவில்லை. திருவாரூர், மன்னார்குடி, பட்டுக்கோட்டை என்று அவருக்குத் தெரிந்த காயலாங்கடைகளுக்கெல்லாம் சொல்லி வைத்தார். 2023 சித்திரையில் ஒரு படம் வந்தது. திருத்துறைப்பூண்டியில் இருந்து முத்துப்பேட்டை போகும் சாலையில் ஒரு காயலாங்கடை. துருப்பிடித்த ஃபிரேம், நீலப் பெயிண்ட். சீட்டுக்குக் கீழே இரண்டு புடைப்பு.

மறுநாள் விடியற்காலை கிளம்பினோம், பாயும் நானும். மன்னார்குடியைத் தாண்டினால் கஜா இன்னும் கண்ணில் படும். தோப்புகளில் புதிதாக வைத்த தென்னம்பிள்ளைகள் ஆள் உயரத்துக்கு வந்திருந்தன. இடையிடையே தலை இல்லாத பழைய மரங்கள் நின்றன. கடைக்காரர் நல்ல மனிதர். கஜாவில் ஒரு கொட்டகை மேல் தென்னை விழுந்து நசுங்கிய இரும்பையெல்லாம் மொத்தமாக எடைக்கு எடுத்தபோது இதுவும் வந்தது என்றார். அந்த வீட்டுக்காரர்கள் திருப்பூருக்கே போய்விட்டார்களாம். ஃபிரேமில் இன்ஜின் இல்லை, டேங்க் இல்லை, முன்போர்க் வளைந்து கிடந்தது. தகரங்களுக்கு அடியில் இருந்து இரண்டு பேர் இழுத்துப் போட்டார்கள்.

பாய் சட்டைப்பையில் இருந்து பேனாக்கத்தியை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீங்களே சுரண்டுங்க தம்பி." நீலம் உதிர்ந்தது. அதற்குக் கீழே கறுப்பு. அதற்குக் கீழே அரக்கு. அதற்கும் கீழே மஞ்சளாக ஒரு கோடு மின்னியது. துருப்பிடித்த இரும்புக்கு நடுவே அந்த மஞ்சள் நேற்றுக் கடைந்தது போல இருந்தது. கட்டை விரலை வைத்துச் சுற்றினேன். ஒரு வரி. பக்கத்தில் இன்னொரு வரி. நான் அந்த இடத்திலேயே, குப்பை இரும்பின் மேல், உட்கார்ந்துவிட்டேன். கடைக்காரர் யாரையோ அனுப்பி டீ வாங்கிவரச் சொன்னார்.

அப்புறம் சேஸ் நம்பர். கைப்பிடித் தண்டு இறங்குகிற குழாயின் பக்கத்தில் குத்தியிருக்க வேண்டும். அங்கே மண்ணெண்ணெய் ஊற்றித் துடைத்தோம். அரம் போட்டுத் தேய்த்த வழவழப்பு. அதன் மேல் வேறு ஏதோ எண்கள், ஒன்று ஆழமாக, ஒன்று மேலாக, ஒன்று சாய்ந்து. ஆலையில் குத்திய எண்களுக்கு அந்தத் தள்ளாட்டம் வராது என்றார் பாய். அப்பாவின் பென்சில் அச்சைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

வரும் வழியில் நாச்சியார்கோவிலுக்குப் போனோம். அந்தப் பெரியவர் போய் நாளாகிவிட்டது, மகன் பட்டறையை நடத்துகிறார். வண்டியில் இருந்து ஃபிரேமை இறக்காமலே ஏறிப் பார்த்தார். வரியைத் தடவினார். உள்ளே போய்ப் பழைய விளக்குத் தண்டு ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் பிடித்தார். மேல் வரி கொஞ்சம் ஆழம், கீழ் வரி மேலாக, இரண்டுக்கும் நடுவே நெல் அளவு இடம். இரண்டிலும் அப்படியே. "எங்கப்பா கைங்க இது. நான் இழுத்தா ரெண்டும் ஒரே ஆழமா வந்துரும்" என்றார்.

எனக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம். சட்டத்துக்கு வேண்டும். சித்தப்பா மகன் கும்பகோணத்தில் வக்கீல், அவனிடம் போய் உட்கார்ந்தேன். களவுப் பொருளை விவரம் தெரியாமல் காசு கொடுத்து வாங்கினாலும், 1930-ஆம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டப்படி அது வாங்கியவருக்குச் சொந்தமாகாது. விற்றவனுக்கு இல்லாத உரிமை வாங்கியவனுக்கு எப்படி வரும்? அதனால் ஃபிரேம் அப்பாவுடையதுதான். ஆனால் அப்பாவுடையது என்று காட்ட எண் வேண்டும். அராவிய எண்ணை மீட்கவும் வழி இருக்கிறது. எண்ணைக் குத்துகிற அடி மேல்பரப்போடு நிற்காமல், அடியில் இருக்கிற இரும்பையும் நசுக்கிவிடுகிறது. மேலே அராவினாலும், அமிலம் தடவும்போது நசுங்கிய இடம் வேறு விதமாக அரிபடும், பழைய எண் கொஞ்ச நேரம் தலைகாட்டும். தடய அறிவியல் ஆய்வகத்தில் செய்கிறார்கள். ரொம்ப ஆழமாக அராவியிருந்தால் வராது. "ஆனா அதுக்குக் கேஸ் வழியா போகணும்ணே. ஃபிரேம ஸ்டேஷன்ல கொடுக்கணும்" என்றான்.

ஸ்டேஷன் வாசலில் நிற்கிற வண்டிகளை எல்லோரும் பார்த்திருக்கிறோம். டயர் மண்ணுக்குள் இறங்கி, சீட்டில் அருகம்புல் முளைத்து, வருஷக்கணக்கில் நிற்கும். பிடித்த வண்டிகளை இப்படி வெகுநாள் போட்டு வைக்கக் கூடாது, படம் எடுத்து, சாட்சிகள் முன்னிலையில் பஞ்சநாமா எழுதி, உரியவரிடம் ஒப்படைத்துவிடலாம் என்று உச்ச நீதிமன்றம் சுந்தர்பாய் அம்பாலால் தேசாய் வழக்கில் 2002-லேயே சொல்லிவிட்டது. அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை வருடம் கழித்தும் எங்கள் பக்கத்து ஸ்டேஷன் வாசல்கள் அப்படியேதான் இருக்கின்றன. இதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது. ஒவ்வொரு வண்டிக்குப் பின்னாலும் ஒரு வீடு இருக்கிறது.

ஒரு மாதம் யோசித்தேன். அக்கா சொன்னாள், "அப்பா மூணு வாரம் நடந்து எழுதி வாங்குன கேஸ் அது. நாம ஒளிச்சு வச்சா அவர் நடந்ததுக்கு என்ன அர்த்தம்?" அவள் சொன்னதுதான் சரி. பித்தளைக் காதின் படங்கள், பென்சில் அச்சின் நகல், விளக்குக்காரர் கைப்பட எழுதிக் கொடுத்த ஒரு பக்கம், காயலாங்கடைக்காரர் போட்ட எடைச் சீட்டு, எல்லாவற்றையும் சேர்த்து மனு கொடுத்தேன். கடைக்காரர் மேல் எந்தப் புகாரும் இல்லை என்று முதல் பாராவிலேயே எழுதினேன். புது ஆய்வாளர் பொறுமையாகப் படித்தார். பழைய எஃப்.ஐ.ஆரைத் தேடச் சொல்கிறேன், அதுவரை ஃபிரேம் உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும், கேட்கும்போது கொண்டுவாருங்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார். அப்பாவிடம் இருந்த அதே மாதிரி மனு ரசீது இப்போது என்னிடமும் ஒன்று இருக்கிறது.

50 வருடம் தாண்டிய வண்டிகளைப் பழம்பெரும் வண்டியாகப் பதிய 2021-இல் விதி வந்துவிட்டது. நம்பரிலேயே 'விஏ' என்று எழுத்து வரும், புதிதாகப் பதிய 20,000 ரூபாய் கட்டணம். வயதைப் பார்த்தால் எங்கள் ஜாவாவுக்கு அந்தத் தகுதி 2020-லேயே வந்துவிட்டது. எண் கிடைத்தால் பார்க்கலாம்.

ஃபிரேம் இப்போது ரேழியில் சுவரோரம் சாய்ந்து நிற்கிறது. துருவை எடுத்து ஆயில் தடவி வைத்திருக்கிறேன். நீலப் பெயிண்டை நான் முழுக்கச் சுரண்டவில்லை, கேஸ் முடியும் வரை அப்படியே இருக்கட்டும் என்று வக்கீல் தம்பி சொல்லியிருக்கிறான். இடது பக்கக் காதை மட்டும் அக்கா வெள்ளிக்கிழமை விளக்கு தேய்க்கும்போது புளி போட்டுத் தேய்த்துவிட்டாள்.

பென்சில் அச்சின் இரண்டாவது வரி இன்ஜின் நம்பர். தட்டுவண்டிக்குப் போன இன்ஜினில் யாரும் அரம் வைத்திருக்க மாட்டார்கள், அதற்கு ஆர்.சி.யே தேவையில்லை என்கிறார் பாய். பாபநாசத்தில் செங்கல் ஏற்றுகிற ஒரு மூன்று சக்கர வண்டியில் ஜாவா இன்ஜின் ஓடுகிறதாம், போன வாரம் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை போகிறோம். பென்சிலும் நாலு துண்டு வெள்ளைக் காகிதமும் பையில் எடுத்து வைத்துவிட்டேன்.